தம்பிகள் தூக்கிய கோப்பை

தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சை வட்டாரத்துப் பையன்கள் முதலில் தேடுவது உளுந்து தெளிக்காத வயலை. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். முளைவிட்ட வயலில் கால் வைத்தால் வரப்பிலிருந்து வசவு வரும். சும்மா கிடக்கிற வயல் ஒன்று அகப்பட்டால், மண்வெட்டியால் அரிதாளைச் செதுக்கி, இரு பக்கமும் மூங்கில் நட்டுப் பந்தை உருட்டிவிடுவார்கள். செதுக்கியும் மிஞ்சிய தாள் உள்ளங்காலைக் குத்தும். காய்ந்த வெடிப்பில் பட்டுப் பந்து எகிறும், திசை மாறும். அதே பையன்களில் சிலரை மறுநாள் விடியலில் கல்லணைக் கால்வாய்க் கரையில் பார்க்கலாம். பட்டாளத்தில் சேர்வதற்காக 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகிக்கொண்டிருப்பார்கள்.

பந்தையும் பட்டாளத்தையும் ஒன்றாக நினைக்கும் இந்தப் பையன்களுக்கு ஒரு முன்கதை உண்டு. குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரின் கால்பந்து அணியின் கதை அது. எம்.ஆர்.சி. என்றால் பழைய ரசிகர்களுக்குச் சட்டென்று புரியும்.

எம்.ஆர்.சி.யில் பயிற்சி பெறும் மெட்ராஸ் ரெஜிமென்ட் படைக்கும் காவிரி நாட்டுக்கும் உறவு பழையது. கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் இருந்த தேவிக்கோட்டையை 1749இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பிடித்துக் கொடுத்தவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் 1758இல் சிப்பாய்களை முறையான பட்டாளங்களாகத் திரட்டியவரும் அவரே. அப்படித் திரட்டிய படைகளையே பிற்காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் மட்டமாகப் பார்த்தார்கள். வடக்கத்திய இனங்களுக்குத்தான் போர்க்குணம் உண்டு, மதராசிக்கு இல்லை என்று பேசினார்கள். 1920களில் மெட்ராஸ் காலாட்படைகளைக் கலைத்தும் விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. ‘தம்பிகள்’ என்று ராணுவம் முழுக்க அழைக்கப்படும் இவர்களின் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற போர்முழக்கத்தைக் கேட்கும்போது இந்த அவமானத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

டூரண்ட் கோப்பைக்கு வருவோம். ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி அது. பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலராக இருந்த மார்டிமர் டூரண்ட், சிம்லா மலையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக 1888இல் தொடங்கி வைத்தார். முதல் கோப்பை ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் படைக்குப் போனது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு எந்த இந்திய அணியின் கையும் அதில் படவில்லை. 1940இல் போட்டி டெல்லிக்கு இறங்கிவந்த பிறகு, முகமதன் ஸ்போர்ட்டிங் ராயல் வார்விக்ஷயர் படையை வீழ்த்தி அந்தப் பூட்டை உடைத்தது. விடுதலைக்குப் பின் 1950இல் மறுபடி தொடங்கியபோது ஹைதராபாத் போலீஸ், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று கோப்பை கை மாறியது. 1955இல் எம்.ஆர்.சி. இறுதிக்கு வந்தது. இந்திய விமானப்படையை 3-2 என்று வென்றது. ராணுவத்துக்காகவே தொடங்கிய கோப்பையை ஓர் இந்திய ராணுவ அணி தூக்குவதற்கு 67 ஆண்டுகள் ஆயின. தூக்கியவர்கள், போருக்கு லாயக்கில்லை என்று ஒரு தலைமுறைக்கு முன் வீட்டுக்கு அனுப்பப்பட்ட படையின் வாரிசுகள்.

மூன்றே ஆண்டில், 1958இல், கூர்க்கா பிரிகேடை 2-0 என்று வென்று மறுபடியும் தூக்கினார்கள்.

இந்த இரண்டு வெற்றிகளிலும் கோல் முகத்தில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் 1935இல் பிறந்தவர், நெடிய ஆள். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து எம்.ஆர்.சி.க்கு ஆட வந்தபோது அவர் கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டு. பிறகுதான் கோல்கீப்பரானார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணியிலும் 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பேரெடுத்தார். சந்தோஷ் டிராபியில் சர்வீசஸ் அணிக்குத் தலைமையேற்று 1960இல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதன்பின் கொல்கத்தா கிளப்புகள் அவரை இழுத்துக்கொண்டன. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று இந்தியா வென்றபோது வலைக்கு முன் நின்றவரும் அவரே. 1967இல் அர்ஜுனா விருது வந்தது.

ராணுவ அணிக்கு உள்ள சிக்கலும் இதுதான். வளர்த்துவிட்ட ஆளைப் பெரிய கிளப் கூட்டிக்கொண்டு போகும். எஞ்சியவர்களை மாற்றல் உத்தரவு பிரிக்கும். ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அதே 1962இல் சீனப் போர் மூண்டு, டூரண்ட் போட்டியே நடக்கவில்லை.

வெளிநாட்டில் ராணுவ அணிகள் வேறு விதமாகப் பிறந்தன. ஹங்கேரியில் 1949இல் ஒரு கிளப்பையே ராணுவம் எடுத்துக்கொண்டு ஹோன்வெட் என்று பெயர் மாற்றியது. ஹங்கேரியின் பேர்பெற்ற ஆட்டக்காரர் புஸ்காஸ் அங்கே ஆடித்தான் ‘பாய்ந்தோடும் மேஜர்’ ஆனார். எம்.ஆர்.சி. அப்படி வந்ததல்ல. சிப்பாயாகச் சேர்ந்தவனுக்கு பூட்ஸ், முட்டை, பால், மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம், அவ்வளவுதான். அரிதாள் வயலில் வெறுங்காலோடு ஆடிய பையனுக்கு இதைவிட நல்ல அகாடமியை அந்தக் காலத்தில் யாரும் நடத்தவில்லை.

இன்று நிலைமை வேறு. 2022இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் சிப்பாயாகச் சேர்கிறவருக்குப் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். 1953இல் சேர்ந்த தங்கராஜுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், 1957இல் தன் வேலைக்காகத் தவித்துக்கொண்டிருந்திருப்பார். இரண்டாவது டூரண்ட் கோப்பை வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஓர் ஆட்டக்காரன் பக்குவப்பட நான்கு ஆண்டு போதாது. ராணுவம் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று தஞ்சை, திருவாரூர், நாகை வீடுகளுக்கு. தாத்தாவோ பெரியப்பாவோ வெலிங்டனில் பயிற்சி எடுத்தவராக இருந்தால், கூடத்துச் சுவரிலோ டிரங்குப் பெட்டியிலோ ஒரு குரூப் போட்டோ இருக்கும். முன்வரிசையில் பந்தோடு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். 1955 இறுதியில் களமிறங்கியது பதினோரு பேர். இங்கே பெயர் சொன்னது ஒருவரை மட்டும்தான்.