பசித்திருக்கும் முருகை

முருகை என்றதும் எம்மவர் பலருக்கு நினைவில் எழுவது சுண்ணாம்புச் சூளையே. கல்லாகாத முருகையும் உண்டு. அதை மென்முருகை என்பர். அன்புவழிபுரத்தில் எமது அயலவரான இளைஞர் ஒருவர் அதைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்பது பற்றி என்னிடம் கேட்டார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எமது ஊரில் இன்னும் அழியவில்லை! தேடிப் படித்தேன்.

மென்முருகைகளில் இரு வகையுண்டு. சார்கோபைற்றன் போன்றவற்றின் உடலில் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவாக்கிக் கொடுக்கின்றன. நல்ல விளக்கும் நீரோட்டமும் இருந்தால் அவை தொட்டியிலும் வளரும். செந்நிறப் பூங்கொத்துப் போன்ற டென்ட்ரோநெஃப்தியாவுக்கு அந்தத் துணை இல்லை. அது ஓடும் நீரிலுள்ள தாவரப் பிளாந்தன்களைப் பிடித்துண்டு வாழ்வதைச் செங்கடலில் ஆராய்ந்தவர்கள் 1995இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர்.

சிக்கல் இங்கேதான். அதற்கு நாள் முழுவதும் சிறிது சிறிதாக உணவு வேண்டும். உணவைக் கூட்டினால் எஞ்சியது அழுகி அமோனியாவாகும். நீரைத் துப்புரவாக வைத்திருந்தால் முருகை பட்டினி கிடக்கும். அது நாளுக்கு நாள் சுருங்கும். ஓய்வெடுக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம். அது பசியால் செத்துக்கொண்டிருக்கும்.

வளர்க்க விரும்பும் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒளியால் வாழும் வகையைத் தேர்ந்தெடுங்கள். 2003இல் தேசியப் பூங்காவாகிய புறாத்தீவிலிருந்து ஒரு துண்டையும் எடுக்காதீர்கள். மற்றதற்கு ஓயாமல் உணவூட்டக் கடல் இருக்கிறது.