ரெஸ்யூமில் ஒரு ராங் நம்பர்!

எங்க கிளாஸ்ல யாருக்கு ரெஸ்யூம் வேணும்னாலும் நேரா என் ரூமுக்குத்தான் வருவாங்க. மூணாவது வருஷ மெக்கானிக்கல்ல பாதிப் பேரோட ரெஸ்யூம் என் லேப்டாப்பில்தான் பிறந்தது. 'ஹார்ட் வொர்க்கர்', 'டீம் பிளேயர்', 'குயிக் லேர்னர்'... எல்லாம் ரெடிமேட். பேரையும் மார்க்கையும் மாத்தினா அஞ்சே நிமிஷத்தில் ஆள் ரெடி! ஒரு ரெஸ்யூமுக்கு ரெண்டு பரோட்டான்னு ரேட்கூட ஃபிக்ஸ் பண்ணி வெச்சிருந்தேன்.

அப்பேர்ப்பட்ட எக்ஸ்பர்ட்டால்தான் என் பெரியம்மா பொண்ணுக்கு ஒரு வேலை போச்சு.

திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சுவிட்ச்போர்டு ஆபரேட்டர் வேலை. வெளியிலிருந்து வர்ற போனை எடுத்து வார்டுக்கும் டாக்டருக்கும் கனெக்ஷன் கொடுக்கணும். ராத்திரி டியூட்டி டாக்டரை எழுப்பணும். உள்ளே யாருக்காவது இதயம் நின்னுபோனா 'கோட் புளூ'ன்னு மைக்கில் சொல்லி, எந்த மாடி எந்த வார்டுன்னு அறிவிக்கணும். அக்கா பி.காம். ஒரு கால் டாக்ஸி ஆபீஸ்ல மூணு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவங்க. பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் அவரைப் பார்த்துக்கிட்டாங்க. போன வருஷம் பெரியப்பா தவறிட்டார். இனிமே அந்த வீட்டுக்கு அக்கா சம்பாதிச்சாத்தான்.

"தம்பி, ஒரு பயோடேட்டா அடிச்சுக் குடுடா"ன்னாங்க. பரோட்டா வேணாம்க்கா, உங்களுக்கு ஃப்ரீன்னு பெருந்தன்மையா உட்கார்ந்தேன். என்னோட ரெஸ்யூமையே திறந்து, 'சேவ் ஆஸ்' போட்டு, வேலையை ஆரம்பிச்சேன்.

நான் செஞ்ச அழகைக் கேளுங்க. கால் டாக்ஸி ஆபீஸ்னு போட்டா கெத்தா இருக்காதுன்னு 'கஸ்டமர் ரிலேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ்'னு மாத்தினேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ்னு அக்கா எழுதிக் கொடுத்திருந்ததை, இந்தக் காலத்தில் யார் கேக்கப் போறாங்கன்னு தூக்கிட்டேன். வீட்டுப் பக்கத்தில் பேசிப் பழகின தெலுங்கையும்தான். ரெண்டு வருஷ கேப் கண்ணை உறுத்திச்சு. அதை மறைக்க, மூணு வருஷ வேலையை அஞ்சு வருஷமா இழுத்துவிட்டேன். மேலே அக்கா பேர், அக்கா அட்ரஸ். மொபைல் நம்பரை மட்டும் மாத்தலை. என் நம்பர் அப்படியே இருந்தது.

பத்து நாள் கழிச்சு, லேத்துக்கு முன்னாடி நின்னுட்டிருந்தப்போ போன் அதிர்ந்தது. 0431-ல் ஆரம்பிக்கிற லேண்ட்லைன் நம்பர். எடுக்கலை. மதியம் மறுபடியும். எவனோ கிரெடிட் கார்டு விக்கிறான்னு விட்டுட்டேன்.

அக்கா ரெண்டு வாரம் பார்த்துட்டு நேர்ல போய் விசாரிச்சாங்க. "இன்டர்வியூவுக்கு ரெண்டு தடவை கூப்பிட்டோமேம்மா, நீங்க எடுக்கவே இல்லையே. வேற ஆள் சேர்ந்தாச்சு"ன்னு சொல்லி, பேப்பரைக் காட்டியிருக்காங்க. அக்கா அன்னிக்கு சாயங்காலம் எனக்கு போன் பண்ணினாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "ரெண்டு தடவை வந்திருக்கு. திருப்பிக் கூப்பிடணும்னு உனக்குத் தோணலையாடா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அந்த வாரம் ரூம்மேட்டோட அவன் ஊருக்குப் போனேன். அவங்க அம்மா இன்னொரு ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேலா போர்டுல இருக்கிறவங்க. நடந்ததைச் சொல்லி, என் படைப்பை அவங்க கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பேனாவை எடுத்தாங்க. முதல் சுழி போன் நம்பர் மேல.

"தம்பி, எங்க தொழில்ல ஒரு நம்பரை வாங்கினா, வாங்கினவுடனே திருப்பிப் படிச்சுக் காட்டணும். சேர்ந்த முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருவாங்க. தன் நம்பரையே தப்பாக் கொடுத்த பொண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வர்றவர் நம்பரைச் சரியா எழுதும்னு எதை வெச்சு நம்புறது?"

அடுத்து 'டீம் பிளேயர்' மேல ஒரு கோடு. "நைட் போர்டுல நான் ஒருத்திதான் இருப்பேன். இதுல எந்த டீம்?" 'எக்ஸலன்ட் கம்யூனிகேஷன் ஸ்கில்' மேல இன்னொரு கோடு. "போனை எடுத்து 'ஹலோ'ன்னு சொன்னாலே தெரிஞ்சுடும். இதை எழுதி என்ன ஆகப்போகுது? சரி, அந்தப் பொண்ணு டாக்ஸி ஆபீஸ்ல நிஜமா என்ன பண்ணுச்சு?"

சொன்னேன். முப்பது வண்டி. ராத்திரி ஒன்பதுலேர்ந்து காலையில ஆறு வரைக்கும் அக்கா ஒரே ஆள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் டிரைவர்களோட பேசுற மைக். கூப்பிடுறவர் தெருவைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, எந்த வண்டி பக்கத்தில் காலியா இருக்குன்னு கண்டுபிடிச்சு அனுப்பணும்.

"அடப்பாவி! இதையா எக்ஸிக்யூட்டிவ்னு போட்டு மறைச்சே? நாங்க தேடுற ஆளே இதுதானே!"

எனக்கு அப்பதான் விளங்கிச்சு. 108 ஆகட்டும், ஃபயர் சர்வீஸ் ஆகட்டும், அக்காவோட டாக்ஸி ஆபீஸ் ஆகட்டும்... அடிப்படை வேலை ஒண்ணுதான். பதட்டத்தில் இருக்கிறவர் வாயிலிருந்து இடத்தை வாங்கி, சரியான வண்டிக்குச் சொல்றது. முதல் கேள்வியே 'எங்கே இருந்து பேசறீங்க?'தான். என்ன ஆச்சுன்னு கேக்கிறது அப்புறம். நடுவில் லைன் கட் ஆனாலும் இடம் தெரிஞ்சா வண்டியை அனுப்பிடலாம். இடம் தெரியாம நோயோட முழு வரலாறும் தெரிஞ்சு என்ன பண்ண?

இங்கே ஒரு சின்ன சங்கதி சொல்லியே ஆகணும். டெலிபோன் வந்த புதுசுல, அமெரிக்காவில் போர்டுல உட்கார வெச்சது எங்களை மாதிரிப் பசங்களைத்தான். கூப்பிட்டவங்களைக் கிண்டல் பண்றது, கெட்ட வார்த்தை பேசறதுன்னு பயங்கர அட்டகாசம்! கடைசியில் 1878 செப்டம்பர் 1-ம் தேதி பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு வெச்சாங்க. உலகத்தின் முதல் பெண் டெலிபோன் ஆபரேட்டர்னு அவங்களைத்தான் சொல்றாங்க. பசங்க கையில் இருந்து வேலை போனது நியாயம்தான்னு என் ரெஸ்யூமைப் பார்த்தாலே புரியும். அவசரத்துக்குன்னே தனி நம்பர் வந்தது இன்னும் ரொம்ப லேட். லண்டனில் 999 வந்தது 1937-ல். அமெரிக்காவில் 911-க்கு முதல் அழைப்பு 1968-ல். நம்ம தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பிச்சது 2008 செப்டம்பரில்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பைத் திறக்கலை. ஒரு நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, "நீங்க சொல்லுங்கக்கா, நான் எழுதறேன்"னேன்.

டைப்ரைட்டிங் திரும்ப வந்தது. இங்கிலீஷ் லோயர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர்னா 45. போன்ல கேட்டுக்கிட்டே அடிக்கிற வேலைக்கு இதைவிட நல்ல சர்டிஃபிகேட் எது? தெலுங்கு திரும்ப வந்தது. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாலு கிலோமீட்டர், சொந்த ஸ்கூட்டி இருக்கு, எந்த ஷிப்டும் ஓகே... இதையும் போடச் சொல்லியிருந்தாங்க ரூம்மேட்டோட அம்மா. ராத்திரி ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறவங்க மனசுல ஓடுற முதல் கவலை அதுதானாம்.

ஒரு நைட் பிரசவ வலியோட ஒருத்தங்க டாக்ஸி கேட்டிருக்காங்க. அக்கா பக்கத்து வண்டியைத் திருப்பிவிட்டு, வீட்டில் இருந்த இன்னொருத்தரை 108-க்கும் கூப்பிடச் சொல்லி, வண்டி வாசலுக்கு வர்ற வரைக்கும் லைன்லேயே இருந்திருக்காங்க. சூப்பர் மேட்டர்க்கா, பேர் ஏரியா எல்லாம் போட்டு எழுதுவோம்னேன். "பேரெல்லாம் போடாதே. அவங்க என்னை நம்பிச் சொன்னது அது"ன்னுட்டாங்க. ரெண்டே வரியில், பேர் இல்லாம எழுதினோம்.

கடைசியா அந்தக் கேப். எப்படி எழுதறதுன்னு தெரியாம பேனாவை உருட்டிட்டே இருந்தேன். அக்காவே ஆரம்பிச்சாங்க. அந்த ராத்திரி 108-க்குக் கூப்பிட்டது அவங்கதான். முதலில் தெரு, அப்புறம் தண்ணி டேங்க் அடையாளம், அப்புறம்தான் 'அப்பாவுக்கு வாய் கோணிடுச்சு, வலது கை தூக்க முடியலை'ன்னு சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசியா எப்ப நல்லா இருந்தார்? "ஒன்பது நாப்பதுக்குச் சாப்பிட்டு எழுந்தார், நல்லாப் பேசினார்"னு அக்கா டக்குன்னு சொல்லியிருக்காங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் உண்டாம். அதனால அந்த நேரம் தெரியறது அவ்வளவு முக்கியம். அப்புறம் ரெண்டு வருஷம் மாத்திரை நேரம், பிரஷர் அளவு எல்லாத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டுல தேதி போட்டு எழுதியிருக்காங்க. அந்த நோட்டை எடுத்துக் காட்டினாங்க. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பெரியப்பா போன நாளோட அது நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே ஒண்ணும் பேசலை.

'பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட தந்தையை இரண்டு ஆண்டுகள் வீட்டில் பராமரித்தேன்'னு எழுதிட்டு, நான் இழுத்துவிட்ட வருஷங்களைச் சரி பண்ணினேன். மொத்தம் ஒரே பக்கம். போன் நம்பரை அக்கா ஒவ்வொரு எண்ணாச் சொன்னாங்க. நான் திருப்பிப் படிச்சேன். அப்புறம் என் போன்லேர்ந்து அந்த நம்பருக்கு ஒரு கால் போட்டுப் பார்த்தோம். அடுப்படியில் அக்கா போன் அடிச்சது.

இப்ப அது வேற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. இன்டர்வியூல, காதில் ஹெட்போனை மாட்டி, வேகமா ஒரு அட்ரஸைச் சொல்லி எழுதச் சொன்னாங்களாம். அக்கா எழுதிட்டு, கேக்காமலேயே திருப்பிப் படிச்சுக் காட்டியிருக்காங்க. ரிசல்ட் இன்னும் வரலை.

நானும் தெரியாத நம்பர்லேர்ந்து மிஸ்டு கால் வந்தா இப்பல்லாம் திருப்பிக் கூப்பிடறேன். இதுவரைக்கும் மூணு பேர் பர்சனல் லோன் வேணுமான்னு கேட்டிருக்காங்க.