ஏழு நாள் திட்டம்

நம் தேசத்தின் ஐந்தாண்டுத் திட்டங்கள் 1951-ல் ஆரம்பித்துப் பன்னிரண்டாவதோடு 2017-ல் முடிந்துவிட்டன. எங்கள் வீட்டில் திட்டம் போடுவது மட்டும் நின்றபாடில்லை. வருஷா வருஷம் அக்கினி நட்சத்திரம் பிறந்ததும், என் மனைவி தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறப்பாள். உடனே எனக்கு வியர்க்க ஆரம்பித்துவிடும். வெயிலினால் அல்ல.

போன மே மாதத்துத் திட்டம் இது: திங்கள், வடாம். செவ்வாய், பரண் சுத்தம். புதன், கடற்கரை. வியாழன், ஆவக்காய். வெள்ளி, மியூசியம். சனி, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்கள் வாங்குவது.

"ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றுமில்லையா?" என்று கேட்டேன்.

"ஓய்வு" என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பக்கத்தில் தானே ஒரு கேள்விக்குறியும் போட்டாள். பாங்கியில் வேலை பார்க்கிறவள். வராத பாக்கியை வரவில் வைக்க மாட்டாள்.

இதற்கு நடுவில் எனக்கு ஆபீஸ் வேறு. கோடைச் சிறப்பிதழுக்காக, 'விடுமுறையைக் குடும்பத்துடன் குதூகலமாகக் கழிப்பது எப்படி?' என்ற கட்டுரை என் தலையில் விழுந்திருந்தது. அதை எழுதுவதற்காக, குடும்பத்தின் பக்கமே தலைகாட்டாமல் இரவு பத்து மணி வரை ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் கும்பகோணத்திலிருந்து அப்பா வந்திருந்தார். எழுபத்தாறு வயது, ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஓய்வே தவிர, என்னிடமிருந்து அல்ல. நான் பத்திரிகையில் சேர்ந்த நாளிலிருந்து, என் எழுத்து அச்சாகும் ஒவ்வொரு வாரமும் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்துவிடும். "'எழுதிக் கொடுத்தான்' என்பதில் ஒரு 'க்' உண்டு. அதை எங்கே அடகு வைத்தாய்?" என்கிற மாதிரி. ஆனால் நான்கு மாதமாகக் கார்டே வரவில்லை. 'சரி, நம் தமிழ் தேறிவிட்டது!' என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை. ஆசிரியரிடம் கூடச் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கே என் மனைவி அரிசிக் கூழைக் கிளறி, பச்சை மிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சம்பழமும் சேர்த்து, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து வடாம் பிழிந்துவிட்டாள். காவலுக்கு அப்பா, கையில் குடையும் குச்சியுமாக. ஒன்பது மணிக்கு நான் போய்ப் பார்த்தால், வேட்டியின் மூலையில் இரண்டு காக்கைகள் சாவகாசமாகச் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தன.

"அப்பா! நல்ல தூக்கமா?" என்று சிரித்தேன்.

"தூங்கவில்லை, தம்பி. வெயில் கண்ணைக் கூசுகிறது" என்றார்.

செவ்வாய்க்கிழமை பரணுக்கு ஏணி கிடைக்கவில்லை. பரண் தப்பித்தது.

புதன்கிழமை மாலை மெரினாவுக்குப் போனோம். பகலெல்லாம் மேற்கிலிருந்து வரும் அனல் காற்று, கடற்காற்றை ஊருக்குள் நுழைய விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். அது எப்போது வழி விடுகிறதோ அப்போதுதான் சென்னைவாசிக்கு உயிர் வரும். 2003 மே 31 அன்று இந்த ஊரில் வெப்பம் 45 டிகிரி செல்ஷியஸைத் தொட்டது. அன்று இங்கே இருந்தவர்களைக் கேட்டால் கடற்காற்றின் விலையைச் சொல்வார்கள். குழந்தைகள் அலையில் கால் நனைக்க, நான் சுண்டல் பொட்டலத்தோடு கைப்பேசியில் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஏண்டா தம்பி, விளக்குக்கெல்லாம் கோட்டை கட்டியிருக்கிறதே. மழை வருமோ?" என்றார் அப்பா.

நிலாவுக்குத்தான் கோட்டை கட்டும். தெரு விளக்குக்குக் கட்டுமா என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? "வரலாம், அப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை நான் வீடு திரும்பியபோது ஆவக்காய் ஜாடிக்குள் போய்ச் சேர்ந்து, மேலே நல்லெண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. அப்பா கூடத்தில் சாய்ந்திருந்தார். மார்பின் மேல் எங்கள் பத்திரிகை. திங்கட்கிழமை பிரித்திருந்த அதே பக்கம், என் கட்டுரை. 'எவ்வளவு ரசித்துப் படிக்கிறார்!' என்று பூரித்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை நானும் மனைவியும் லீவு போட்டுவிட்டு, எல்லோருமாக மாம்பலத்தில் மின்சார ரெயில் ஏறி எழும்பூருக்குப் போனோம். வழியெல்லாம் அப்பா பேரக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். மியூசியம் ஏற்பட்டது 1851-ல், இன்று வண்டலூரில் இருக்கும் மிருகக்காட்சிசாலை கூட 1855-ல் இந்த மியூசியத் தோட்டத்தில்தான் பிறந்தது என்று அவர் சொன்னதும், "அப்போ புலி இங்கேயா இருந்தது?" என்று என் மகள் வாயைப் பிளந்தாள்.

வாசலுக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாளைக் குறித்துக் கொடுத்தவன் நான்தான். பத்திரிகைக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் மனைவி நம்பிவிட்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

இதற்குள் அப்பா அறிவிப்புப் பலகையின் அருகில் போய், முகத்தை ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "திறக்க இன்னும் நேரம் இருக்கிறதாம். நிழலில் நிற்கலாம்" என்றார்.

"தாத்தா! இன்னிக்கு லீவுன்னு இவ்வளவு பெரிசா எழுதியிருக்கே, தெரியலையா?" என்றாள் என் மகள்.

யாரும் பேசவில்லை. அப்பா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எழுத்து கொஞ்ச நாளாகவே பிடிபடவில்லை, தம்பி" என்றார்.

"எத்தனை நாளாக?"

"பொங்கலிலிருந்து."

"எங்களிடம் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம் என்றுதான் வந்தேன். கண்ணாடியைக் காணோம் என்று சொல்லி, உங்கள் திட்டத் தாளைக் குழந்தையைப் படிக்கச் சொன்னேன். ஆறு நாளும் நிரம்பியிருந்தது. இருந்தது ஒரு நாள் ஓய்வு. அதை ஏன் கெடுப்பானேன்? புரை முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்."

நான்கு மாதமாகக் கார்டு வராத காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் தமிழ் தேறவில்லை.

அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி அதே எழும்பூரில்தான் இருக்கிறது. 1819-ல் ஏற்பட்டது, மியூசியத்துக்கும் மூத்தது. ஒரு ஆட்டோவில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்துகொண்டு நேரே அங்கே போனோம். பரிசோதித்த டாக்டர் அம்மாள் பொறுமையாக விளக்கினார். கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் மங்கிப் போவதுதான் புரை. சொட்டு மருந்தினால் அது கரையாது. முற்றும் வரை காத்திருப்பது அந்தக் காலத்து வழக்கம், இப்போது அவசியமில்லை. ரொம்பவும் முற்றிவிட்டால்தான் ஆபரேஷன் கடினம். லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர் 1949-ல் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். இன்று அநேகமாக அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

"என் அம்மா சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தாள். அது வேண்டாமா?" என்று கேட்டார் அப்பா. அந்தப் பயமும் அவருக்கு இருந்திருக்கிறது!

சனிக்கிழமை அவருடைய சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளில் கழிந்தது. நோட்டுப் புத்தகம் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தாள். முதல் வரியில், 'மாமாவுக்குக் கண்' என்று எழுதினாள். கடைசி வரியைக் காலியாக விட்டாள். "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கும்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆடி மாதம் அப்பா ஊருக்குத் திரும்பினார். பத்து நாளில் கார்டு வந்துவிட்டது. கோடைச் சிறப்பிதழைத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறார். என் கட்டுரையில் ஐந்து பிழைகள். ஐந்தும் சந்திப் பிழைகள்! பரீட்சையில் தேறிய பையன் மாதிரி அந்தக் கார்டை வீடு முழுவதும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

கார்டின் அடியில், 'திட்டமிடுமுன் குடும்பத்தில் ஒவ்வொருவரையும் கலந்துகொள்ள வேண்டும்' என்ற என் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதியிருந்தார். அதில் பிழை ஒன்றும் காட்டவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.