கூட நடப்பவர்கள்

கல்லூரி திறந்து முதல் மாதம் கழிந்ததும் மாணவர்கள் திட்டத்தோடு வரத் தொடங்குவார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்துக்குப் பொறுப்பாசிரியர் என்பதால் அந்தத் தாள்களெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஏரியைச் சுத்தம் செய்வது, குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, மரக்கன்று நடுவது, ரத்ததான முகாம். நோக்கம், நாட்கள், செலவு என்று கட்டம் கட்டமாக அழகாக எழுதியிருப்பார்கள். ‘உடன் பணியாற்றுவோர், வழிகாட்டி’ என்ற கட்டம் கடைசியில் இருக்கும். அதில் என் பெயரை எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் வெறுமையாக விட்டிருப்பார்கள்.

நான் படிக்கத் தொடங்குவது அந்தக் கட்டத்திலிருந்துதான். “இதே வேலையை இந்த ஊரில் ஏற்கெனவே யார் செய்துகொண்டிருக்கிறார்கள்? போய்ப் பார்த்தீர்களா?” என்று கேட்பேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாருமே செய்யாத ஒன்றைத் தாங்கள்தான் முதலில் செய்யப்போகிறோம் என்ற நினைப்பில் வந்திருப்பார்கள். பத்தொன்பது வயதில் அந்த நினைப்பு வரத்தான் செய்யும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நினைப்பை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வேலை ஒரு பேனரோடும் சில புகைப்படங்களோடும் முடிந்துவிடும்.

இந்தத் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் உண்டு. நல்ல ஏற்பாடு. கிராமத்துப் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்து, ஊரார் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகள் பிறகு பேசும் விதமே மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். என்றாலும் 240 மணி நேரம் முடிந்ததும் மாணவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஏரியும் குடியிருப்பும் அங்கேயேதான் இருக்கும். மாணவர்களிடம் உடல் பலம் இருக்கிறது, தூக்கத்தை விடும் துணிச்சல் இருக்கிறது, கேள்வி கேட்கக் கூச்சம் இல்லை. தொடர்ச்சி மட்டும்தான் இல்லை. அந்தத் தொடர்ச்சியை யார் தருகிறார்களோ அவர்களைத்தான் நான் வழிகாட்டி என்பேன்.

இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு நான் எடுத்துக்காட்டுவது சென்னைக் கடற்கரையில் நடக்கும் ஆமை நடையை. இந்தியாவில் மாணவர்கள் கையில் எடுத்து, தலைமுறை தலைமுறையாக விடாமல் நடத்திவரும் பொதுப்பணிகளில் அதற்கு ஈடாக எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. 1970களின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சுற்றியிருந்த சில இளைஞர்களும் இரவில் கரையோரமாக நடந்து அந்த முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். நாய்களும் முட்டை விற்பவர்களும் எடுப்பதற்கு முன்னால் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் எண்ணம். அந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர், மனமெல்லாம் கடலில். அப்போது இந்தியாவில் கடலாமைகளை முறையாக ஆராய்ந்தவர் என்று சொல்ல ஆளே கிடையாது. அந்த இடம் காலியாக இருப்பதை விட்டேக்கர் அவருக்குக் காட்டினார், போய் வேலை செய்யும்படி ஊக்கப்படுத்தினார். பாஸ்கர் போனார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடற்கரையைக் கால்நடையாகவே அளந்தார். அந்தமானிலும் லட்சத்தீவிலும் ஆமைகள் எங்கெங்கே கூடு வைக்கின்றன என்று நமக்கு முதலில் தெரியவந்தது பெரும்பாலும் அவர் எழுதிய குறிப்புகளிலிருந்துதான். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் சுஹேலித் தீவில் ஆள் துணையில்லாமல் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். படகு எதுவும் வராத பருவம் அது. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்க, அங்கே ஒரு மீனவர் எடுத்துத் தபாலில் சேர்த்தார். முகம் தெரியாத அந்த மனிதரையும் நான் இந்தப் பணியில் உடன் நின்றவர்களில் ஒருவராகத்தான் எண்ணிக்கொள்கிறேன்.

இடையில் வனத்துறை சில ஆண்டுகள் சென்னையில் பொரிப்பகம் நடத்தியது. 80களின் பிற்பகுதியில் அது நின்றது. அப்போதுதான், 1988இல், கார்த்திக் சங்கரும் அவரைப் போன்ற கல்லூரி மாணவர்கள் சிலரும் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரிலேயே ‘மாணவர்’ இருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. எங்கே நடப்பது, எப்போது நடப்பது, கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முன்னால் நடந்தவர்கள் அறிந்துவைத்திருந்தது அவர்களுக்குக் கிடைத்தது. கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். அவர் கரையிலிருந்து போன பிறகும் நடை நிற்கவில்லை. அடுத்து வந்த மாணவர்கள் நடந்தார்கள், அவர்களுக்கு அடுத்து வந்தவர்களும் நடந்தார்கள்.

எங்கள் மாணவர்களோடு நானும் அந்த நடைக்குப் போயிருக்கிறேன். நீலாங்கரையில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை நடக்க வேண்டும். ஏழு கிலோமீட்டர்தான், ஆனால் மணலில் ஏழு கிலோமீட்டர். டார்ச் அடிக்கக் கூடாது, கரையேறும் ஆமை வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலையே பார்த்துக்கொண்டு நடக்கும்போது, கடலிலிருந்து மேட்டை நோக்கி டிராக்டர் ஏறிப் போனதைப் போல ஒரு தடம் தெரிந்தது. முன்னால் போன மூன்றாமாண்டு மாணவி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். தடம் முடிந்த இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. ஆமை போய்விட்டது. கையிலிருந்த குச்சியால் அங்கங்கே மெல்ல அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் குச்சி தடையில்லாமல் இறங்கியது. உடனே தானே தோண்டியிருக்கலாம். அவர் தோண்டவில்லை. அன்றுதான் முதல்முறையாக வந்திருந்த பையனைக் கூப்பிட்டு, “இங்க உட்காரு. கையால மட்டும் எடு. எங்க மணல் இளகலா இருக்குன்னு விரலுக்கே தெரியும்” என்றார். அவன் முழங்கை வரை உள்ளே விட்டான். ஒன்றரை அடி ஆழம் இருக்கும். முதல் முட்டை விரலில் பட்டதும் அவன் பேச்சே நின்றுபோயிற்று.

நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, கூட்டின் ஈர மணலையும் கொஞ்சம் அள்ளித் துணிப்பையில் போட்டார்கள். கூட்டின் ஆழத்தையும் வாயின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டார்கள். பொரிப்பகத்தில் அதே அளவில், கழுத்து சிறுத்து அடி அகன்ற குழி தோண்டித்தான் வைக்க வேண்டும். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு வெளியே வரும். மணலின் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும் என்பதால் இந்த அளவில் யாரும் அலட்சியம் காட்டுவதில்லை. அந்த மாணவிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் இப்போது மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறார், இன்றும் வார இறுதியில் நடக்க வருகிறார். அன்று பின்னால் வந்துகொண்டிருந்தவர் அவர்தான். மாணவி சொல்லிக்கொடுத்த நேரம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பொறுப்பைக் கொடுத்துவிட்டு அருகில் நிற்பதற்குப் பெரிய மனசு வேண்டும். நம் கல்லூரிகளில் ஆசிரியர்களாகிய நாங்கள் இதை இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடலாமை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். அனுமதி இல்லாமல் ஒரு முட்டையைக்கூடத் தொட முடியாது. ஆகவே வனத்துறையின் அனுமதி வேண்டும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் என்பதால் கடற்கரையின் உயரமான விளக்குகளை இரவில் அணைக்க மாநகராட்சியின் ஒத்துழைப்பு வேண்டும். ஆர்வம் மட்டும் இருக்கும் மாணவர் குழுவால் இந்த வாசல்களைத் தாண்ட முடியாது. எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும்.

இவர்களையெல்லாம்விட முக்கியமானவர்கள் கரையிலேயே குடியிருப்பவர்கள். முதலில் அவர்களைப் பகையாளிகளாக நினைக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். வலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகிறது, ஆகவே மீனவருக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எங்கள் மாணவர் ஒருவர் குப்பத்தில் போய் உட்கார்ந்து வேறொன்று கேட்டார். “ஆமை மாட்டி வலை கிழிஞ்சா உங்களுக்கு எவ்ளோ செலவாகும், அண்ணா?” அதுவரை வலை சீர்செய்வதிலேயே கவனமாக இருந்த மீனவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அரைமணி நேரம் அவரே பேசினார். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு உள்ளே வந்து இழுவை வலை போடக் கூடாது என்பது விதி. உள்ளே வந்தால் சின்னப் படகுக்காரருக்கு மீன் போகிறது, ஆமைக்கு உயிர் போகிறது. இரண்டு பேருக்கும் குறை ஒன்றுதான் என்பதை அன்று அந்தப் பையன் புரிந்துகொண்டு வந்து சொன்னான். நம் வேலைக்கு அனுதாபப்படுகிறவர்கள் விழாவுக்கு வருவார்கள். நம் வேலையால் தங்கள் துன்பமும் குறையும் என்று காண்கிறவர்கள்தான் நடுராத்திரியிலும் வருவார்கள். அடுத்த பருவத்தில் அதே மீனவர் கரையில் நின்று எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார். “நேத்து நைட்டு ஒண்ணு ஏறுச்சுப்பா. அந்த போட்டாண்ட. நாய் தோண்டிடும்னு மேல பழைய வலைய போட்டு வச்சிருக்கேன்.”

2002இல் நீலாங்கரைப் பக்கம் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியது. இதே உண்மையை அவர்கள் வேறொரு வழியில் கண்டுகொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்த வாரம் எங்கள் மாணவர்கள் கொதித்துப்போய் வந்தார்கள். போஸ்டர் அடிக்க வேண்டும், மறியல் செய்ய வேண்டும் என்றார்கள். கோபம் நியாயமானது, நானும் அதே கோபத்தில்தான் இருந்தேன். ஆனால் எந்தக் கரையில் எத்தனை, உடலில் என்ன காயம், எந்தத் தேதி என்று ஆண்டுக்கணக்காக எழுதிவைத்த நோட்டுகள் ஆமை நடைக்காரர்களிடம் இருந்தன. அரசிடம் பேசும்போது எடுபட்டது அப்படிப்பட்ட கணக்குகள்தான். நான் பிள்ளைகளை அங்கே அனுப்பினேன். செத்த ஆமையை அளந்து எழுதும் வேலை யாருக்கும் பிடிக்காது, நாற்றம் சட்டையில் ஏறும். போனவர்கள் செய்தார்கள்.

இந்த ஆண்டு எங்கள் பக்கத்து ஏரிக்கு ஒரு குழு கிளம்பியிருக்கிறது. ஆகாயத்தாமரையை அகற்றுவது என்றுதான் திட்டம் எழுதியிருந்தார்கள். ஊரில் முன்பு நீர்க்கட்டியாக மடை திறந்து மூடிய குடும்பத்துப் பெரியவர் ஒருவரைத் தேடிப் போகச் சொன்னேன். அவர் கரையில் நடத்திக் கூட்டிப்போய், வரத்துக் கால்வாயில் சாக்கடை எங்கே கலக்கிறது என்று காட்டியிருக்கிறார். “இதை அடைக்காம அதைப் பிடுங்கினா தை மாசத்துக்குள்ள மறுபடி மூடிக்கும், கண்ணுங்களா” என்றாராம். திட்டத்தை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள். புதிய தாளில் கடைசிக் கட்டம் முதல் கட்டமாக ஏறியிருந்தது. அதில் அந்தப் பெரியவர், நீர்வளத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர், கால்வாய் ஓரம் டீக்கடை வைத்திருக்கும் அம்மா என்று மூன்று பேர் இருந்தார்கள்.

இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்பாரில்லாமல் இருக்கிறார்கள். கேட்கப் போகும் பிள்ளைகளிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். கடிதத்தோடு போகாதே, கேள்வியோடு போ. ‘எங்களுக்கு வழிகாட்டியாக இருங்கள்’ என்று முதல் நாளே பெரிய பாரத்தை ஏற்றாதே, ‘ஒரு தடவை கால்வாயைச் சுற்றிக் காட்டுகிறீர்களா’ என்று கேள். சொன்னதை எழுதிக்கொள், அடுத்த வாரம் போய் என்ன செய்தாய் என்று சொல். போகும்போது முதலாண்டு மாணவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போ.

அந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இரண்டாமாண்டு மாணவர் மட்டுமே கொண்ட குழுவின் திட்டத்துக்கு இனி நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. ஏரிக் குழுவில் முதலாண்டுப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆமை நடைக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் டிசம்பர் தேர்வு முடிந்த கையோடு என்னை வந்து பார்க்கட்டும்.