காலைச் சாப்பாட்டு நேரத்துச் சேதிகள்

ஜூன் 2, 2025, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. திண்டிவனத்துக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய சின்ன ஊர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு நானும் உதவி ஆசிரியரும். பாடநூலும் நோட்டும் இன்றே கொடுத்துவிட்டோம். புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்க்காத பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை.

மூன்றாம் வகுப்பில் அண்ணன் தங்கை இருவர் வரவில்லை. காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளையில் இன்னும் கணக்கு முடியவில்லையாம். பெரியம்மாக்காரி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் இருக்கும் சேதிப் பலகையில் வருடம் முழுக்க எழுதுகிறோம். உதவித்தொகை, மருத்துவ முகாம், ஆதார் பதிவு, கூட்டம் என்று எல்லாம் அதில் இருக்கும். படிக்கிறவர்கள் நாலைந்து பேர்தான். மற்ற தாய்மார்களுக்கு நிற்க நேரமில்லை, சிலருக்கு எழுத்தும் தெரியாது. இந்த ஆண்டு பலகையோடு விடப்போவதில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் நேரத்தில், வாசலில் நின்று, தினம் ஒரு சேதி வாயால் சொல்லப்போகிறேன். ஒன்றுதான். இரண்டு சொன்னால் இரண்டும் மறந்துபோகும்.

ஜூன் 12, வியாழன்

இன்று சேமியா உப்புமா, காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு ரவையோ சேமியாவோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அதோடு உள்ளூரில் கிடைக்கிற காய் என்று அளவு. சமைக்கிற அக்கா மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர். அவர் மகனும் இங்கேதான் நான்காம் வகுப்பு படிக்கிறான். தன் பிள்ளைக்கும் அதே அண்டாவிலிருந்துதான் என்பதால், உப்பு கூடுகிறதா குறைகிறதா என்று நான் பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை.

இந்த ஊரில் பெரும்பாலான தாய்மார்கள் நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ களையெடுப்புக்கோ போகிறவர்கள். நூறு நாள் வேலையில் காலையிலேயே படம் எடுத்து வருகையைப் பதிவு செய்கிறார்கள், பிந்தினால் அன்றைய கூலி போச்சு. முன்பெல்லாம் இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை சாப்பிட்டதா இல்லையா என்று சாயங்காலம்தான் தெரியும். இறைவணக்கத்தின்போது தலைசுற்றி உட்காரும் பிள்ளைகளை ஒவ்வொரு வாரமும் பார்த்திருக்கிறேன். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகளுக்குத்தான். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கிவைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள். எங்களுக்கு வந்தது அப்போது. அதன்பின் இறைவணக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்தன. காலை உணவு தாயையும் வாசல்வரை கொண்டுவருகிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதி நான் பார்த்ததில்லை. எட்டேகால் மணிக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வந்து நிற்கிறார்களே, அந்தச் சில நிமிடம்தான் எனக்கு வேண்டியது.

இன்றைய சேதி: மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு; ஆறாம் வகுப்பில் 1,000. வங்கிக் கணக்கும் அதில் ஆதார் இணைப்பும் வேண்டும். “ஐந்நூறு ரூவாய்க்கா டீச்சர் இவ்வளவு அலைச்சல்?” என்றார் ஒருவர். நியாயமான கேள்வி, ஒரு நாள் கூலி போகிறதே. ஆனால் அந்தக் கணக்கு ஐந்நூறோடு முடிவதில்லை. இப்போது திறந்துவைத்தால், இவள் கல்லூரிக்குப் போகும்போது மாதாமாதம் வரும் ஆயிரத்துக்கும் அதே கணக்கு. அப்படியே சொன்னேன். தலையாட்டினார்.

ஜூன் 26, வியாழன்

இருளர் குடியிருப்புக்குப் போனேன். போன வருடம் நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் ஏரி நிரம்பி வழிந்து, இந்தக் குடிசைகளுக்குள் தண்ணீர் நின்றது. புத்தகத்தை அரசு மறுபடியும் கொடுத்தது. நனைந்துபோன காகிதங்களுக்காகச் சிறப்பு முகாமும் வைத்தார்கள். ஆனால் முகாம் நடந்த வாரத்தில் இங்கே பாதிப்பேர் சூளைக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

ஒரு வீட்டில் பிறப்புச் சான்று மட்டும் பாலித்தீன் பையில் சுருட்டிக் கூரையில் செருகியிருந்தது. அதனால் தப்பித்தது. “இது ஒண்ணுதான் இருக்குது டீச்சரம்மா” என்று அந்த வீட்டு ஆயா எடுத்துக் கொடுத்தார். போதும், அதிலிருந்து தொடங்கலாம்.

சாதிச் சான்று இவர்களுக்கு மற்றவர்களுக்குப் போலச் சுலபமில்லை. பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர் நிலையிலும், ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர் நிலையிலும் முடிந்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையெழுத்து வேண்டும், அதற்கு விசாரணை உண்டு. தாத்தாவுக்கு இருந்ததா, அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்பார்கள். பாட்டன் காலத்தில் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்த குடும்பத்தில் யாரிடம் காகிதம் இருக்கும்? பக்கத்து ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சான்று கிடைத்திருக்கிறது என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. இரத்த உறவுக்காரருக்குக் கொடுத்த சான்று பெரிய பிடிமானம். அதன் நகலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் நானே கூட வருகிறேன் என்றும் சொன்னேன். டீச்சர் கூட நின்றால் உட்காரச் சொல்கிறார்கள் என்றார் அந்த ஆயா. அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆவது பிரிவு இதற்கு வழி செய்கிறது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள், ஆக 24 பேர். எங்கள் தலைவர் நடவு வேலைக்குப் போகும் ஒரு தாய். துணைத் தலைவரின் மகளுக்கு நடக்க வராது.

போன வருடம் கூட்டத்தில் எல்லோரும் பின்னால் சுவரோரம் உட்காருவார்கள். ஆண்கள் நாலு பேர் பேசுவார்கள், நான் தீர்மானம் எழுதுவேன். இப்போது தினம் வாசலில் பேசிப் பேசிப் பழகியதாலோ என்னவோ, தலைவரே எழுந்து, “கக்கூசு தண்ணித் தொட்டி ஒழுகுதுங்க, அதை மொதல்ல எழுதுங்க டீச்சர்” என்றார். எழுதினேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தத் தீர்மானத்தை அவரே வாசிக்கட்டும் என்று முடிவாயிற்று.

துணைத் தலைவர் பேசியதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து மகளுக்குச் சொல்லித்தருகிறார். மையத்தில் இயன்முறைப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். முதலில் வீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. இப்போது அந்தச் சிறுமி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “நாலு வருசம் தூக்கிக்கிட்டே இருந்தேன். இப்படி ஒருத்தர் வருவாங்கன்னு யாரும் சொல்லலை” என்றார். அவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருப்பது ஒரு தெரு. அந்தத் தெருவைக் கடந்து சேதி போக நாலு வருடம் ஆகியிருக்கிறது. நான் இங்கே மாற்றலாகி வருவதற்கு முந்தைய கதைதான், ஆனாலும் இரவெல்லாம் அதே நினைப்பு.

1958இல் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க நடத்தினார். ஊர் மக்களே பெஞ்சும் கட்டடமும் சீருடையும் கொடுத்தார்கள். இன்றும் பல ஊர்களில் மேளதாளத்தோடு கல்விச் சீர் கொண்டுவருகிறார்கள். எங்கள் முன்னாள் மாணவர்கள் அடுத்த ஆண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் பள்ளிக்கு ஊர் தருவதைப் பற்றித்தான் எப்போதும் கொண்டாட்டமாகப் பேசுகிறோம். ஊரில் இருக்கும் வீட்டுக்குப் பள்ளி என்ன தருகிறது என்பதையும் அதே அளவுக்குப் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இந்த ஜூனில்தான் இங்கே சேர்ந்தான். அப்பா நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தவர். அம்மா பிள்ளையோடு பிறந்தகம் வந்துவிட்டார். இன்று வாசலில் நான் சொன்ன சேதி அவருக்காகவே: அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின், சம்பாதிக்கும் தாயோ தகப்பனோ விபத்தில் இறந்துபோனால், அல்லது நிரந்தரமாக முடங்கிப்போனால், பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு நிதியாகப் போடுகிறது அரசு. முன்பு 50,000 இருந்தது. படிப்புக்கென்றே உள்ள பணம் அது.

கூட்டத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எல்லோரும் கலைந்தபின் அவரே வந்தார். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வருமானச் சான்று என்று எழுதிக் கொடுத்தேன். முதல் இரண்டும் வழக்கு நடத்தும் வக்கீலிடம் இருக்கின்றனவாம். விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரான என் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதாவது, எனக்குத் தெரிந்திருக்காவிட்டால் அது எழுதப்படவே போவதில்லை. இதைத்தான் நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி என்றால் எண்ணும் எழுத்தும் மட்டும் போதாது. எந்தக் குடும்பத்துக்கு எந்தத் துறையில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும். ஏழை வீட்டுக்கு மிகப் பக்கத்தில், தினமும் திறந்திருக்கும் அரசு அலுவலகம் இந்தப் பள்ளிக்கூடம்தான்.

அந்தச் சிறுவன் இன்று கணக்கில் எல்லாம் சரி. வகுத்தல்கூட.

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்று அன்புக் கரங்கள் திட்டம் தொடங்கியிருக்கிறது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது முடியும்வரை மாதம் 2,000 ரூபாய். காலையில் இதைத்தான் சொன்னேன்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இரண்டாம் வகுப்புச் சிறுமி. அம்மா இல்லை. அப்பா வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். ஆயாதான் மாடு மேய்த்து வளர்க்கிறார். கைவிட்டுப் போன தகப்பனும் அந்தத் திட்டத்தில் கணக்கில் வருகிறார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தொலைபேசியில் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள், என்ன காகிதம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்.

ஆயாவுக்கு ஒரே பயம். “காசு குடுத்துட்டு புள்ளைய ஆஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா டீச்சர்?” இல்லவே இல்லை, பிள்ளை உங்களிடம் இருக்கத்தான் இந்தப் பணம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பாதி விண்ணப்பங்கள் இப்படி ஒரு பயத்தில்தான் நின்றுபோகின்றன. அந்தப் பயத்துக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளி நெருங்கிவிட்டது. சூளை மேஸ்திரிகள் முன்பணத்தோடு ஊருக்குள் நடமாடுகிறார்கள். மழை ஓய்ந்து சூளை தொடங்கினால் குடும்பத்தோடு போய்விடுவார்கள், திரும்ப ஜூன் ஆகிவிடும். முன்பணம் வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. பண்டிகைக்குத் துணி எடுக்க, பழைய கடன் அடைக்க வேறு வழியை நான் காட்டவில்லையே. பிள்ளைகளைப் பற்றித்தான் பேச முடியும். பேசினேன்.

சாயங்காலம் குடியிருப்பில் மரத்தடியில் உட்கார்ந்து, போகப்போகும் வீடுகளை வரிசையாகக் கேட்டேன். இரண்டு வீட்டில் பிள்ளையை ஆயாவிடம் விட்டுப்போக ஒத்துக்கொண்டார்கள். காலையும் மதியமும் பள்ளியில் சாப்பாடு இருக்கிறது, ராத்திரிக்கு மட்டும் பார்த்தால் போதும் என்று ஆயாமார்களே எடுத்துச் சொன்னார்கள். நான் சொன்னதைவிட அது எடுபட்டது. ஜூனில் பிந்தி வந்த அண்ணன் தங்கை வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். அங்கே தங்கை வீட்டுச் சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டுவிடச் சொல்லி மன்றாடவில்லை. எந்தச் சூளை, எந்த ஊர் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். பிள்ளை எந்த நாளில் போய் நின்றாலும் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். மாற்றுச் சான்று பிந்தினாலும் மறுக்கக்கூடாது.

அந்த ஊர்த் தலைமையாசிரியரின் எண்ணை எங்கள் ஆசிரியர் பயிற்றுநர் கண்டுபிடித்துக் கொடுத்தார். இரவே பேசினேன். சூளையிலிருந்து பள்ளி இரண்டு கிலோமீட்டர். அங்கும் காலை உணவு உண்டு. சின்னக் குழந்தையைக் கொண்டுபோய் விட அங்கன்வாடி பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது என்று அவர் சொன்னதும், தங்கையும் வகுப்பில் உட்கார வழி கிடைத்துவிட்டது. அவர்கள் புறப்படும் நாளில் மாணவர் விவரத்தை இணையத்தில் பொதுத் தொகுப்புக்கு அனுப்பச் சொன்னார், அன்றே எடுத்துக்கொள்கிறாராம்.

நாளைக் காலை வாசலில் சொல்ல வேண்டியது: சூளைக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும், அங்கன்வாடி உள்ள பள்ளியாகப் பார்த்து, எண்ணோடு ஒரு கடிதம் தருகிறேன்.