பிசையாமல் ஒரு ரொட்டி

வேலைக்கு ஓடுகிறவர்கள் வீட்டில் ரொட்டி சுடுவதா? மாவு பிசைய யாருக்கு நேரம்?

நியூயார்க்கில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரி நடத்தும் ஜிம் லேஹி, பிசையும் வேலையையே தூக்கிப் போட்டார். 2006 நவம்பரில் மார்க் பிட்மன் நியூயார்க் டைம்ஸில் அந்தச் செய்முறையை எழுத, ரொட்டிப் பக்கமே போகாதவர்கள்கூட ஓவனைச் சூடாக்கினார்கள்.

மூன்று கப் மைதா, ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, ஒன்றரைக் கப் தண்ணீர், வெறும் கால் டீஸ்பூன் ஈஸ்ட். கரண்டியால் கலக்கி, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். தோசை மாவு ராத்திரியில் பொங்குவதுபோல, 12 முதல் 18 மணி நேரத்தில் இதுவும் உப்பிவிடும்.

பிசைவது எதற்கு? கோதுமைப் புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாக வேண்டும். ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைப்பது அந்த வலைதான். மாவு தளதளவென்று இருந்து, நேரமும் கொடுத்தால், வலை தானே உருவாகிவிடுகிறது.

அடுத்த தந்திரம் பாத்திரத்தில். மூடியோடு 230 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிய கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் மாவைப் போட்டு மூடுகிறார் லேஹி. உள்ளே சிக்கிய நீராவியால் மேற்புறம் சட்டென்று காய்வதில்லை. ரொட்டி நன்றாக எழும்புகிறது. அரை மணி நேரம் கழித்து மூடியை எடுத்தால், மேலோடு சிவந்து மொறுமொறுப்பாகிறது.

மாவு உப்ப அவர் சொன்ன நேரம், சுமார் 21 டிகிரி இருக்கும் அறைக்கு. மதுரைச் சமையலறையில் மாவு வெகு சீக்கிரம் பொங்கிவிடும். காலையில் சுட நினைப்பவர்கள், உப்பத் தொடங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.