அடிபிறழாமல்

தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் தமிழ்ப் பாடநூலின் செய்யுள் பகுதியாகத்தான் எங்களிடம் முதலில் வந்தன. பாட்டு, அதன் கீழே அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, புலவரைப் பற்றி நாலு வரி. தேர்வில் ‘அடிபிறழாமல் எழுதுக’ என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்வரும் நண்பன் திருநாவுக்கரசரை ஒப்பிப்பான். நெற்றியில் திருநீறோடு நான் உமறுப்புலவரை ஒப்பிப்பேன். நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஓசை தப்பாமல் சொன்னால் போதும். அதனால்தான் அடுத்தவர் வேதம் அத்தனை எளிதாக மனசுக்குள் வந்து உட்கார்ந்தது.

சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைத் தமிழய்யா ராகம் போட்டே நடத்தினார். வேடனிடம் சிக்கிய பெண்மான், கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று நபிகள் நாயகத்திடம் மன்றாடுகிறது. அவர் பிணை நிற்கிறார். சொன்ன சொல் தவறாமல் மான் கன்றோடு திரும்பி வருகிறது. அந்த இடத்தில் ஐயாவின் குரல் கம்மிவிட்டது. கம்பனின் குகனை நடத்தியபோதும் அப்படித்தான் கம்மியது.

அரபு நாட்டைப் பாடவந்த உமறு வயலும் நாற்றுமாகப் பாடியிருக்கிறார் என்று சொன்னதும், பாலைவனத்தில் ஏது நெல் என்று கேட்டோம். எட்டயபுரத்தில் வாழ்ந்தவர், தான் அறிந்த வளத்தையெல்லாம் நபி பிறந்த மண்ணுக்குக் கொடுத்துவிட்டார் என்றார் ஐயா. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரும் தேம்பாவணியில் சூசையப்பரின் யூதேயாவைத் தமிழ் மருதமாகத்தான் பாடினார். இரண்டு பேருக்கும் பின்னால் சீவக சிந்தாமணியும் கம்பனும் நிற்கிறார்கள். சிந்தாமணியோ சமணக் காப்பியம். இந்தக் கொடுக்கல் வாங்கலை வேறெந்த வகுப்பில் எனக்குக் காட்டியிருப்பார்கள்?

இந்த நூல்கள் இன்றும் பாடத்தில் இருக்கின்றன. ஆனால் வளர்ந்த பிறகு எனக்கு அப்படியோர் இடம் வாய்க்கவில்லை. பிரபந்தம் கேட்கப் பெருமாள் கோயிலுக்குப் போகலாம், சங்கீதம் கேட்கத் தேவாலயத்துக்குப் போகலாம். எல்லாவற்றையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எல்லா வீட்டுப் பிள்ளைகளோடும் சேர்ந்து உரக்கச் சொல்ல எங்கே போவது? பெரியவர்கள் கூடினால் எது யாருடைய நூல் என்ற பேச்சில்தான் போய் முடிகிறது. பாட்டை யாரும் சொல்வதில்லை.

தேம்பாவணியில் 3615 பாடல்கள். பாடநூல் விட்டுவைத்தவற்றை இப்போது தனியாக வாசித்து வருகிறேன். சில விருத்தங்களில் சீர் பிரிக்கத் தெரியாமல் நின்றுவிடுகிறேன். ஐயா இருந்தால் ஒருமுறை பாடிக் காட்டியிருப்பார்.